நிலக்கரிச் சுரங்க மீத்தேன்: 4 கோடி டன் என்பதை யார் அளந்தது?

3 ஜூலை 2025, ஒரு வாசகர் கேட்டது

உலகம் முழுக்க நிலக்கரிச் சுரங்கங்கள் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக எல்லா இடத்திலும் படிக்கிறேன். இதை யாராவது அளந்தார்களா, இல்லை உற்பத்தியை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிச் சொல்கிறார்களா? பெருக்கல்தான் என்றால் அதை எதற்கு நம்ப வேண்டும்? மேலே இத்தனை செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றனவே, பார்த்துச் சொல்லிவிட வேண்டியதுதானே?

3 ஜூலை, இரவு

பெரும்பகுதி பெருக்கல்தான். நிலத்தடிச் சுரங்கத்தில் காற்றோட்டம் பார்க்கும் வேலையில் இருந்தவன், பிறகு உமிழ்வுக் கணக்குப் பக்கம் வந்தவன் என்பதால் இரண்டு பக்கத்தையும் தெரிந்து சொல்கிறேன்.

முதலில் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சர்வதேச எரிசக்தி முகமை சொல்வது ஏறத்தாழ 4 கோடி டன். குளோபல் எனர்ஜி மானிட்டர் சுரங்கம் சுரங்கமாகக் கூட்டி 2022இல் வெளியிட்டது 5.2 கோடி. உலக மீத்தேன் வரவுசெலவுக் கணக்கு 2008–2017 காலத்துக்குத் தந்தது ஆண்டுக்கு 4.2 கோடி, அதன் வரம்பு 2.9 முதல் 6.1 கோடி வரை. கடைசியில் உள்ள வரம்பைத்தான் நான் முதலில் படிப்பேன். அடிமட்டத்துக்கும் உச்சிக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம்.

4 ஜூலை

பெருக்கல் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு) 2006 வழிகாட்டியில் எளிய முறை இது: நிலத்தடிச் சுரங்கத்தில் ஒரு டன் நிலக்கரி எடுத்தால் 18 கன மீட்டர் மீத்தேன். ஆழம் 200 மீட்டருக்குக் குறைவென்றால் 10, 400 மீட்டரைத் தாண்டினால் 25. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு 1.2, மேல்மண் (நிலக்கரிக்கு மேல் கிடக்கும் மண்ணும் பாறையும்) மெல்லியதானால் 0.3, தடித்ததானால் 2. ஒரு கன மீட்டர் மீத்தேன் 0.67 கிலோ.

ஆண்டுக்கு 10 லட்சம் டன் எடுக்கும் நிலத்தடிச் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18ஆல் பெருக்கினால் 1.8 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 12,000 டன் மீத்தேன். 10 போட்டால் 6,700. 25 போட்டால் 16,750. நிலத்தில் எதுவும் மாறவில்லை, ஆழத்துக்கான கட்டம்தான் மாறியது. இந்த முறையின் விடை நிலத்தடிச் சுரங்கங்களுக்கு இரண்டு மடங்கும், திறந்தவெளிக்கு மூன்று மடங்கும் மேலேயோ கீழேயோ தவறலாம் என்று அதே வழிகாட்டி வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த எச்சரிக்கையை நாட்டு அறிக்கைகளின் சுருக்கப் பக்கத்தில் எங்கும் பார்க்க முடியாது.

4 ஜூலை, சற்று நேரம் கழித்து

ஒரு சரிபார்ப்பு. உலகம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 900 கோடி டன் நிலக்கரி எடுக்கிறது. 4 கோடியை 900 கோடியால் வகுத்தால் டன்னுக்கு 4.4 கிலோ, ஏறத்தாழ 6.6 கன மீட்டர். திறந்தவெளிக்கான 1.2க்கும் நிலத்தடிக்கான 18க்கும் நடுவில் விழுகிறது. ஆகவே 4 கோடி அபத்தமான எண் இல்லை. எந்தச் சுரங்கம் எவ்வளவு என்று கேட்டால்தான் அது கைவிரிக்கும்.

6 ஜூலை

"நிலக்கரிக்குள் இருக்கும் வாயுவை ஆய்வகத்தில் அளந்து, எடுத்த டன்னால் பெருக்கினால் போதுமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போதாது. வாயுச் செறிவுள்ள சுரங்கங்களில் ஒரு டன்னுக்கு வெளிவரும் மீத்தேன் அந்த டன்னுக்குள் இருந்ததைவிடப் பல மடங்கு இருக்கும். காரணம் அக்கம்பக்கத்துப் படுகைகள், அதாவது நிலக்கரி அடுக்குகள். நீண்ட சுவராக வெட்டிக்கொண்டே முன்னேறும் லாங்வால் முறையில் ஒரு படுகையை வெட்டி எடுத்ததும் பின்னால் கூரை சரிகிறது. மேலும் கீழும் உள்ள பாறை தளர்ந்து விரிசல் விடுகிறது. அங்கே நாம் தொடவே தொடாத மெல்லிய நிலக்கரிப் படுகைகள் இருந்தால் அவற்றின் அழுத்தம் இறங்கி, வாயு விரிசல் வழியாக நம் சுரங்கத்துக்குள் வந்து சேரும். எடுத்தது ஒரு படுகை, மூச்சு விட்டவை ஐந்து. டன் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் இது எப்போதும் கைநழுவும்.

9 ஜூலை

இப்போது அளவீட்டுக்கு வருகிறேன். இது நான் கையால் செய்த வேலை என்பதால் நீளமாக எழுதுகிறேன்.

நிலத்தடிச் சுரங்கத்தின் மீத்தேனில் பெரும்பகுதி வெளியேறும் காற்றோடுதான் போகிறது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். அதனால் ராட்சத விசிறிகள் இரவு பகலாகச் சுரங்கத்துக்குள் காற்றைச் செலுத்தி மீத்தேனை 1 சதவீதத்துக்கும் கீழே நீர்க்கச் செய்து வெளியே தள்ளுகின்றன. அந்த ஒரு வழியில் நின்று இரண்டு விஷயங்களை அளந்தால் போதும்: எவ்வளவு காற்று போகிறது, அதில் மீத்தேன் எத்தனை சதவீதம்.

காற்றை அளக்க விசிறிக்குப் போகும் பாதையில் குறுக்கே நிற்போம். நீண்ட கம்பின் முனையில் காற்றின் வேகம் காட்டும் அனிமோமீட்டர். காற்று சட்டையை முதுகோடு ஒட்ட வைக்கும், பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. சுவர் ஓரத்தில் காற்று மெதுவாக, நடுவில் வேகமாகப் போகும் என்பதால் கம்பை மேலும் கீழுமாக நிதானமாக நகர்த்தி முழு வெட்டுமுகத்தையும் தடவ வேண்டும். கை ஒரு இடத்தில் தங்கிவிட்டால் அந்த இடத்தின் வேகம்தான் பதிவாகும். பிறகு டேப் பிடித்துப் பாதையின் பரப்பை அளப்போம். சுவர் வழவழப்பாக இருந்தால் நல்லது, பெரும்பாலும் அப்படி இருக்காது.

வினாடிக்கு 200 கன மீட்டர் காற்று, அதில் 0.3 சதவீதம் மீத்தேன் என்று வையுங்கள். வினாடிக்கு 0.6 கன மீட்டர் மீத்தேன். நாளைக்கு 51,840 கன மீட்டர், சுமார் 35 டன். ஆண்டுக்கு ஏறத்தாழ 12,700 டன். இப்போது மீத்தேன் மீட்டர் 0.3 காட்டியபோது உண்மையில் இருந்தது 0.2 என்றால்? ஆண்டுக் கணக்கில் 4,200 டன் காணாமல் போகும். பாதுகாப்புக்கு வைத்த மீட்டருக்கு 0.2க்கும் 0.3க்கும் பெரிய பேதமில்லை. அது 1 சதவீதத்தை நெருங்கும்போது தவறாமல் அலற வேண்டும், அவ்வளவுதான். கணக்குக்கு அந்தக் கடைசி இலக்கம்தான் உயிர்.

10 ஜூலை

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். வாயுச் செறிவுள்ள ஒவ்வொரு நிலத்தடிச் சுரங்கத்திலும் மீத்தேன் ஏற்கெனவே அளக்கப்படுகிறது. ஆட்களின் உயிர் அதில் இருப்பதால் ஷிப்ட் தவறாமல் பதிவேட்டில் ஏறுகிறது. பல இடங்களில் உணர்கருவி நிமிடத்துக்கு நிமிடம் கணினிக்கு அனுப்புகிறது. அந்தப் பதிவுகள் பாதுகாப்புத் துறையின் அலமாரியில் கிடக்கின்றன. உமிழ்வுக் கணக்குப் போடுபவர் இன்னொரு கட்டடத்தில் உட்கார்ந்து 18ஆல் பெருக்கிக்கொண்டிருக்கிறார். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு கதவு திறந்தாலே உலகக் கணக்கின் நிச்சயமின்மையில் பெரும்பங்கு கரைந்துவிடும்.

10 ஜூலை, இரவு

மேலே எழுதியதைச் சற்றுத் தளர்த்துகிறேன். 9ஆம் தேதி போட்ட 0.2, 0.3 கணக்கைப் பாருங்கள். பாதுகாப்பு மீட்டரின் எண்ணை அப்படியே தூக்கி ஆண்டுக் கணக்கில் வைக்க முடியாது. அதோடு பாட்டில் மாதிரி வேண்டும்: வெளியேறும் காற்றைச் சீசாவில் பிடித்து ஆய்வகத்தில் காஸ் குரோமட்டோகிராஃபில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டினால் நூறில் ஒரு பங்கு சதவீதம் வரை தெளிவாகத் தெரியும். மீட்டர் தொடர்ச்சியைத் தரும், பாட்டில் துல்லியத்தைத் தரும். இரண்டையும் பொருத்தினால் நம்பத்தக்க எண் கிடைக்கும்.

14 ஜூலை

பாட்டில் மாதிரியை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் நிலத்தடிச் சுரங்கங்களின் வெளியேறும் காற்றைச் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் காலாண்டுக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள். அந்த எண் உமிழ்வுக் கணக்குக்கும் போகிறது. பாதுகாப்புப் பதிவேடு கணக்குக்குப் பயன்படும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் ஆண்டுக்கு நான்கு நாள் போதுமா?

வளிமண்டல அழுத்தம் இறங்கினால் வாயு கூடும். நிலக்கரி எடுத்தபின் கூரை சரிந்து கிடக்கும் பகுதியைச் சுரங்கத்தில் கோஃப் என்பார்கள். அதற்குள் வாயு தேங்கியிருக்கும். புயலுக்கு முன் வெளி அழுத்தம் சரியும்போது கோஃப் மூச்சை வெளியே விடும், அழுத்தம் ஏறும்போது உள்ளே இழுக்கும். பாரோமீட்டர் இறங்கும் நாளில் நாங்கள் கூடுதல் கவனமாக இருப்போம், வெளியேறும் காற்றில் அன்று அளவு ஏறுவதை மீட்டரிலேயே காணலாம். வெட்டும் இயந்திரம் ஓடும் ஷிப்டுக்கும் பராமரிப்பு ஷிப்டுக்கும்கூட வித்தியாசம் உண்டு. மாதிரி எடுக்க வருபவர் பெரும்பாலும் அமைதியான பகல் வேளையில் வருகிறார்.

20 ஜூலை

செயற்கைக்கோள். இதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

2017இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள் மேல் இருக்கும் ட்ரோபோமி கருவி நாளுக்கு ஒருமுறை, உள்ளூர் நேரம் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில், ஏறக்குறைய உலகம் முழுவதையும் பார்க்கிறது. அதன் ஒரு படப்புள்ளி சுமார் 5.5க்கு 7 கிலோமீட்டர். அதற்குள் மூன்று சுரங்கம் அடங்கிவிடும். ஜிஹெச்ஜிசாட் போன்ற தனியார் செயற்கைக்கோள்கள் சில பத்து மீட்டர் அளவில் பார்க்கும், ஆனால் குறிவைத்த இடத்தை மட்டும். மேகம் இருந்தால் இரண்டுக்கும் கண் தெரியாது.

கருவி காண்பது தரையிலிருந்து மேல்வரை உள்ள காற்றுத் தூணில் கூடுதலாக இருக்கும் மீத்தேன். அது மணிக்கு எத்தனை டன் என்று மாற்றக் காற்றின் வேகம் வேண்டும். அந்த வேகம் பெரும்பாலும் வானிலை மாதிரியிலிருந்து வருகிறது. வினாடிக்கு 3 மீட்டர் என்று எடுத்த இடத்தில் உண்மை 2 என்றால் விடையில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஆக அங்கேயும் பெருக்கல்தான், பெருக்கும் எண்தான் வேறு.

20 ஜூலை, தொடர்ச்சி

ரஷ்யாவின் ரஸ்பாட்ஸ்கயா சுரங்கம். 2022 ஜனவரியில் ஜிஹெச்ஜிசாட் ஒரே பார்வையில் அங்கே 13 மீத்தேன் புகைத்தடங்களைக் கண்டது, கூட்டினால் மணிக்கு 90 டன் அளவு. உடனே 8,760 மணி நேரத்தால் பெருக்கி ஆண்டுக்கு 8 லட்சம் டன் என்று ஒரு நண்பர் இங்கே எழுதியிருக்கிறார். அப்படிச் செய்யாதீர்கள். அது ஒரு நாளின், ஒரு கணத்தின் படம். தேங்கிய வாயுவைத் துளை வழியே வெளியே விட்ட நேரமாக இருக்கலாம், அழுத்தம் இறங்கிய நாளாக இருக்கலாம். அந்தப் படம் சொன்ன பெரிய சேதி வேறு: இவ்வளவு பெரிய கசிவு எந்த அறிக்கைக்கும் காத்திராமல் விண்ணிலிருந்து தெரியும்.

27 ஜூலை

செயற்கைக்கோளைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்கவேண்டாம். திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு அதைவிட்டால் நமக்கு வேறு கதி குறைவு. நிலத்தடியில் விசிறி ஒரு வாசல் தருகிறது, நின்று அளக்கலாம். திறந்தவெளியில் வாசலே கிடையாது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் பள்ளத்தின் சுவர், தரை, குவித்த மேல்மண், வெடி வைத்த இடம் என்று எல்லாப் பக்கமும் கசியும்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் போவன் படுகையில் ஆறு சுரங்கங்களை ட்ரோபோமி கொண்டு 2018–2019க்கு ஆராய்ந்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வின் விடை: ஆண்டுக்கு 5.7 லட்சம் டன், கூட்டவோ குறைக்கவோ 98,000. நாட்டின் நிலக்கரியில் 7 சதவீதம் எடுக்கும் அந்த ஆறு மட்டுமே, நாடு நிலக்கரிச் சுரங்கங்களுக்கென்று அறிவித்த மொத்த மீத்தேனில் 55 சதவீதத்துக்கு ஈடாக நின்றன. அதிலும் 40 சதவீதம் ஹெயில் க்ரீக் என்ற ஒரே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்திலிருந்து.

திறந்தவெளி என்றால் டன்னுக்கு 1.2 என்று படித்தவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். வாயு நிறைந்த படுகையைத் திறந்தவெளியாக வெட்டினால் 'திறந்தவெளி' என்ற பெயர் வாயுவைக் குறைத்துவிடாது. மாநிலத்துக்கு ஒரு பொதுக் கெழு (டன்னோடு பெருக்கும் எண்) என்ற முறையைப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களுக்குப் படிப்படியாகக் கைவிட ஆஸ்திரேலிய அரசு பிறகு முடிவெடுத்தது. நல்ல முடிவு, தாமதமான முடிவு.

2 ஆகஸ்ட்

இந்தியாவைப் பற்றிக் கேட்டவருக்கு. இந்தியா பொதுக் கெழுவைப் பயன்படுத்தவில்லை, சொந்தக் கெழு வைத்திருக்கிறது. சுரங்கச் சட்டப்படி நிலத்தடிச் சுரங்கங்கள் வாயுவைப் பொறுத்து மூன்று தரமாகப் பிரிக்கப்படுகின்றன. தேசியக் கணக்கில் முதல் தரத்துக்கு டன்னுக்கு 2.91 கன மீட்டர், இரண்டாம் தரத்துக்கு 13.08, மூன்றாம் தரத்துக்கு 23.64. திறந்தவெளிக்கு 1.18, எடுத்தபின் கசிவதற்கு இன்னும் 0.15. பாதுகாப்புக்காகப் பிரித்த தரத்தையே உமிழ்வுக் கணக்குக்கும் எடுத்தாண்டதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மேலே சொன்ன கதவு இங்கே பாதி திறந்திருக்கிறது.

ஆனால் 2024–25இல் 100 கோடி டன்னைத் தாண்டிய உற்பத்தியில் மிகப்பெரும் பங்கு திறந்தவெளியிலிருந்து வருகிறது. அத்தனையும் திறந்தவெளி என்றே வைத்து, 100 கோடியை 1.33ஆலும் (1.18, 0.15 இரண்டும் சேர்ந்தது) 0.67ஆலும் பெருக்கினால் சுமார் 9 லட்சம் டன். நாட்டுக்குரிய கெழுவாக இருந்தாலும் திறந்தவெளிக்கு இரண்டு மடங்கு பிசகலாம் என்று ஐபிசிசி சொல்கிறது. 4.5 லட்சமாகவும் இருக்கலாம், 18 லட்சமாகவும் இருக்கலாம். முழுக் கணக்கும் அந்த 1.18 என்ற ஒற்றை எண்ணின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பள்ளங்கள் ஆழமாகிக்கொண்டே போகும்போது பழைய எண்ணை மறுபடி அளக்கவேண்டாமா?

3 ஆகஸ்ட்

சீனா இல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் அங்கேதான், பெரும்பாலும் நிலத்தடி. 2014க்கு அந்த நாடே கொடுத்த கணக்கு சுமார் 2.1 கோடி டன். நிலத்தடியிலிருந்து துளையிட்டு உறிஞ்சிய வாயுவில் மீத்தேன் 30 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வெளியே விடக்கூடாது என்று 2008இல் விதி வந்தது. ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோள் தரவை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, 2010 முதல் 2015 வரை சீனாவின் மீத்தேன் ஆண்டுக்காண்டு சுமார் 11 லட்சம் டன் வீதம் கூடிக்கொண்டே போனதாகவும், அதில் பெரும்பங்கு நிலக்கரி என்றும் கண்டது. 30க்குக் கீழே இருந்த வாயுவை அந்த விதி தொடவே இல்லை. விசிறிக் காற்றையும் தொடவில்லை. 2024இல் திருத்திய தரநிலை வரம்பை 8 சதவீதத்துக்கு இறக்கியது.

3 ஆகஸ்ட், இரவு

4 கோடியா, 5 கோடியா, நீங்கள் எதை எழுதுவீர்கள் என்று நேராகக் கேட்டார் ஒருவர். நான் 4 கோடி என்று எழுதி, 3 முதல் 6 கோடி என்ற வரம்பைப் பக்கத்திலேயே எழுதுவேன். வரம்பு இல்லாமல் எழுதமாட்டேன். கூடவே வெப்பமூட்டும் திறன் எந்தக் கால அளவுக்கு என்பதையும் சொல்வேன். நூறாண்டுக் கணக்கில் 4 கோடி டன் மீத்தேன் ஏறத்தாழ 120 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இருபதாண்டுக் கணக்கில் சுமார் 330 கோடி. வரம்பையும் கால அளவையும் மறைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் தனக்குத் தோதான எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

17 ஆகஸ்ட்

ஐரோப்பிய ஒன்றியத்தின் மீத்தேன் சட்டம் 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. சுரங்கங்கள் தாங்களே அளந்து அறிவிக்கவேண்டும். 2027 முதல், கோக்கிங் நிலக்கரி (எஃகு ஆலைக்குப் போவது) அல்லாத சுரங்கங்களில், ஆயிரம் டன் நிலக்கரிக்கு 5 டன் மீத்தேனுக்கு மேல் விசிறி வழியே விடக்கூடாது. 2031 முதல் 3 டன். 18 கன மீட்டர் என்ற கெழுவை இந்த அலகுக்கு மாற்றினால் ஆயிரம் டன்னுக்கு 12 டன் வரும். எவ்வளவு இறுக்கமான வரம்பு என்று அதிலிருந்து புரியும். சட்டம் ஒரு வரம்பை வைத்ததும் அந்த 0.2, 0.3 வித்தியாசம் பணமாக மாறுகிறது. அப்போதுதான் நல்ல மீட்டர் வாங்குவார்கள்.

21 செப்டம்பர்

எதிர்த்திசையிலும் ஒரு செய்தி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, பசுங்குடில் வாயு அறிக்கைத் திட்டத்தைப் பெரும்பாலான துறைகளுக்கு நிறுத்திவிட இந்த மாதம் முன்மொழிந்திருக்கிறது. பாதுகாப்பு ஆய்வாளர் மாதிரி எடுப்பதை அது நிறுத்தாது. ஆனால் சுரங்கம் வாரியான கணக்கு பொதுப் பார்வைக்கு வரும் வழி அடைபடும். அளந்த எண் இருந்தும் நாம் மறுபடி பெருக்கலுக்குப் போகவேண்டி வரும். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

28 செப்டம்பர்

மூடிய சுரங்கங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானாக எழுதுகிறேன். சுரங்கத்தை மூடினாலும் கோஃப் வாயு விடுவதை நிறுத்தாது. முதலில் வேகமாகக் குறைந்து, பிறகு பல பத்தாண்டுகள் மெல்லிய வாலாக நீளும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் மூடிய சுரங்கங்களின் வாயுவிலிருந்தே மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தக்கூடியது தண்ணீர். சுரங்கம் முழுக்க நிரம்பிவிட்டால் உமிழ்வு ஏறத்தாழ பூஜ்யம் என்றே கணக்கில் எடுக்கிறார்கள். அதனால் மூடிய சுரங்கத்துக்கு இரண்டே கேள்வி: எந்த ஆண்டு மூடினார்கள், இப்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது? பெரும்பாலான நாடுகளின் கணக்கில் முதல் கேள்விக்குத் தோராயமான விடை இருக்கிறது. இரண்டாவதற்குக் கிணற்றில் கயிறு இறக்கிப் பார்க்கும் அளவு வேலைதான், அதையும் சில இடங்களில்தான் செய்கிறார்கள். உங்கள் பகுதியில் மூடிய சுரங்கம் இருந்து அதன் நீர்மட்டப் பதிவு கிடைத்தால் ஆண்டு, ஆழம் இரண்டையும் இங்கே போடுங்கள், சரிவுக் கோட்டை நான் போட்டுத் தருகிறேன்.